காபியையும் கைப்பேசியையும் ஒரேயடியாக நிறுத்திவிடலாமா?

கடலூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கும் நீங்கள் கேட்டிருப்பது இது: நாளொன்றுக்கு மூன்று காபியும் மூன்று டீயும் குடிக்கிறீர்கள், வார விடுமுறையில் காலைக் காபி தாமதமானால் மதியத்துக்குள் தலைவலி வந்துவிடுகிறது, படுத்த பிறகும் இரவு ஒரு மணி வரை கைப்பேசி கையை விட்டு இறங்குவதில்லை, மறுநாள் காபி இல்லாமல் கண் திறப்பதில்லை. இது அடிமைத்தனமா, வருகிற ஒன்றாம் தேதியிலிருந்து இரண்டையும் விட்டுவிடலாமா என்று கேட்கிறீர்கள். புதுச்சேரியில் மருத்துவ மாணவர்களுக்கு மருந்தியல் கற்பித்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். ஒரேயடியாக விட வேண்டாம். காபியின் மீதான சார்பு உங்கள் உடம்புக்குள் இருக்கிறது. கைப்பேசியின் மீதான சார்பில் பெரும்பகுதி உங்களைச் சுற்றி அமைக்கப்பட்டிருக்கிறது. ஆகையால் இரண்டையும் ஒரே விதமாகக் கையாள முடியாது. ஆனால் இரண்டும் வந்து சேரும் இடம் ஒன்றுதான், அது உங்கள் தூக்கம். முதலில் சீர்செய்ய வேண்டியதும் அதையே.

காபியிலிருந்து தொடங்குகிறேன். 1819-இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஃபிரீட்லீப் ரூங்க, கவிஞர் கோதே கொடுத்த காபிக் கொட்டைகளை ஆராய்ந்து, அவற்றிலிருந்து காஃபீனைத் தனியே பிரித்தெடுத்தார். அது மூளையில் எப்படி வேலை செய்கிறது என்பது விளங்க ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. நாம் விழித்திருக்கும் நேரம் முழுவதும் மூளைச் செல்கள் ஆற்றலைச் செலவழிக்கின்றன. அந்தச் செலவின் மிச்சமாக அடினோசின் என்னும் பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது தனக்கென்று அமைந்த ஏற்பிகளில் போய் அமரும்போது நமக்குச் சோர்வும் தூக்கமும் வருகின்றன. காஃபீனின் வடிவம் அடினோசினின் வடிவத்தை ஒத்திருப்பதால், அது அதே ஏற்பிகளில் முந்திக்கொண்டு போய் உட்கார்ந்துவிடுகிறது. ஆனால் தூங்கு என்ற செய்தியை மட்டும் சொல்வதில்லை. கடலூர் பேருந்து நிலையத்தில் பஸ் வந்து நின்றதும் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பார்களே, காஃபீன் செய்வது அதைத்தான். துண்டு கிடக்கும் வரை ஏறியவர்கள் நின்றுகொண்டுதான் இருப்பார்கள். எடுத்த கணத்தில் எல்லோரும் ஒன்றாக உட்காருவார்கள். காபி உங்களுக்குப் புதிதாக ஆற்றல் எதையும் கொடுப்பதில்லை என்பதையும், மூன்று மணி நேரம் கழித்து ஏன் சோர்வு முன்னைவிட அதிகமாக வந்து அழுத்துகிறது என்பதையும் இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

நாள்தோறும் இப்படி இடம் பறிபோனால் மூளை சும்மா இருப்பதில்லை. சில நாட்களிலேயே அந்த அமைப்பு காஃபீனுக்குப் பழகி, அடினோசினை முன்னைவிடக் கூர்மையாக உணரத் தொடங்கிவிடுகிறது. அதன்பின் காலைக் காபி தரும் தெளிவு, காபியே குடிக்காத ஒருவருக்குச் சாதாரணமாக இருக்கும் தெளிவுதான். அதாவது, முந்தைய இரவு முழுவதும் காஃபீன் கிடைக்காததால் வந்த குறையை அந்தக் காபி நிரப்புகிறது. விடுமுறை நாளில் வரும் தலைவலிக்கும் இதுவே காரணம். அடினோசின் மூளையின் இரத்தக் குழாய்களை விரிக்கும். காஃபீன் அதைத் தடுத்துச் சுருக்கி வைத்திருக்கும். காஃபீன் கிடைக்காதபோது அவை மறுபடி விரிவதால் தலை வலிக்கிறது. பழகிய பொருள் நின்றுபோவதால் வரும் இந்த விலகல் அறிகுறிகள், கடைசியாகக் குடித்ததிலிருந்து 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. வேலை நாட்களில் விடிகாலை ஐந்து மணிக்கே முதல் காபி குடிப்பவர், சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு டீ குடித்துவிட்டு ஞாயிறு பத்து மணி வரை எதுவும் குடிக்காமல் இருந்தால், அந்த இடைவெளி 15 மணி நேரம் ஆகிவிடுகிறது. ஏகாதசி விரதத்திலும், நோன்பு மாதத்தின் முதல் சில நாட்களிலும், அறுவை சிகிச்சைக்காகப் பட்டினி இருக்கும்போதும் பலருக்கு வரும் தலைவலியைப் பசியின் மீதே போட்டுவிடுகிறோம். அதில் ஒரு பங்கு காஃபீனுடையது. தலைவலிக்கென்று கடையில் வாங்கும் சில மாத்திரைகளில் காஃபீனும் சேர்ந்திருக்கிறது என்பதையும் பலர் கவனிப்பதில்லை. அட்டையின் பின்புறம் படித்துப் பாருங்கள்.

ஆறுதலான செய்தியும் உண்டு. இந்த அறிகுறிகள் ஒன்றிரண்டு நாட்களில் உச்சத்தைத் தொட்டு, பெரும்பாலும் ஒன்பது நாட்களுக்குள் அடங்கிவிடும். சிறிது சிறிதாகக் குறைப்பவர்களில் பலருக்குத் தலைவலியே வருவதில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட நோய்ப் பட்டியலில் காஃபீன் விலகலுக்கு இடம் கொடுத்தது. ஆனால் காஃபீன் பயன்பாட்டுக் கோளாறை, மேலும் ஆராய வேண்டிய ஒன்று என்று தனியே ஒதுக்கி வைத்தது. ஆகவே உங்கள் கேள்விக்குச் சரியான பதில் இது: உங்கள் உடம்பு காஃபீனைச் சார்ந்திருக்கிறது, ஆனால் அதற்காக உங்களை மதுவுக்கோ புகையிலைக்கோ அடிமையானவரின் வரிசையில் வைத்துக் கலங்க வேண்டியதில்லை.

அளவைப் பார்ப்போம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், 150 மில்லி வடித்த காபியில் 80 முதல் 120 மில்லிகிராம், உடனடிக் காபியில் 50 முதல் 65, ஒரு வேளை டீயில் 30 முதல் 65 மில்லிகிராம் காஃபீன் இருப்பதாகவும், நாளுக்கு 300 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்றும் சொல்லப்பட்டிருக்கிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் ஆரோக்கியமான பெரியவர்களுக்கு 400 வரை பாதுகாப்பானது என்றது. உங்கள் மூன்று காபியையும் மூன்று டீயையும் கூட்டினால் 330-லிருந்து 555 வரை வருகிறது. ஆனால் நம் டபராவில் வருவது டிகாக்‌ஷனைவிடப் பால் அதிகமுள்ள காபி. தூளில் சிக்கரியும் கலந்திருக்கும், சிக்கரியில் காஃபீன் கிடையாது. கலப்புத் தூளில் காபி குறைந்தது 51 விழுக்காடு இருந்தால் போதும் என்பதே நம் நாட்டு விதி. ஆகையால் உங்கள் உண்மையான அளவு அந்தக் கணக்கின் கீழ்ப்பகுதியை ஒட்டியே இருக்கும் என்று நினைக்கிறேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். உங்கள் ஆறு டம்ளரில் எனக்கு அதிகக் கவலை தருவது காஃபீன் அல்ல, சர்க்கரை. டம்ளருக்கு இரண்டு கரண்டி, கரண்டிக்கு நான்கு கிராம் என்று வைத்தாலும் நாளுக்கு 48 கிராம் ஆகிறது. 2,000 கலோரி உண்பவருக்கு எல்லா உணவிலிருந்தும் சேர்த்து 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், முடிந்தால் 25-க்குள் இருப்பது நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. காபி குடிப்பவர்களுக்குச் சர்க்கரை நோய் குறைவாக வருகிறது என்று வெளிநாட்டு ஆய்வுகளைக் காட்டுபவர்கள், அங்கே பெரும்பாலும் குடிக்கப்படுவது நம் கடைக் காபியைப் போல் இனிப்பது அல்ல என்பதைச் சொல்வதில்லை. டீ மாஸ்டரிடம் "சர்க்கரை கம்மி" என்று சொல்வதே நீங்கள் செய்யும் முதல் மாற்றமாக இருந்தால்கூட நான் மகிழ்வேன்.

அளவைவிட நேரம் முக்கியம். குடித்த காஃபீனில் பாதியைக் கல்லீரல் வெளியேற்ற ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகிறது. சிலருக்கு மூன்று, சிலருக்கு ஏழு. புகைபிடிப்பவருக்கு இது பாதியாகக் குறைகிறது. கருத்தடை மாத்திரை எடுப்பவருக்கு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் 15 மணி நேரம் வரை நீள்கிறது. கர்ப்பிணிகள் 200 மில்லிகிராமுக்குள் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஐந்து மணி நேரக் கணக்கில், மாலை ஆறு மணிக்கு 100 மில்லிகிராம் குடித்தால் இரவு பதினொரு மணிக்கு 50 மில்லிகிராம் உடம்பில் இருக்கும். அது அரை டம்ளர் காபி குடித்துவிட்டுப் படுப்பதற்குச் சமம். "எனக்குக் காபி குடித்தாலும் தூக்கம் வந்துவிடும்" என்று பெருமையாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் காஃபீன் எடுத்தவர்களின் தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்தது; கருவி அதைக் காட்டியது, அவர்களே எழுதி வைத்த குறிப்பில் அது சரியாகத் தெரியவில்லை. தூக்கம் வருவது வேறு, அது ஆழமாகவும் நீளமாகவும் இருப்பது வேறு.

இப்போது கைப்பேசி. காலை ஷிப்டு மாறும் நேரத்தில் சிப்காட் சாலையோரத்து டீக்கடை எதிலாவது நின்று பாருங்கள். ஒரு கையில் ஆவி பறக்கும் கிளாஸ், மறுகையில் கைப்பேசி. கட்டைவிரல் திரையை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். கிளாஸ் காலியானதும் அதைப் பலகையில் வைத்துவிடுகிறார்கள். கட்டைவிரல் மட்டும் நிற்பதில்லை, ஏனென்றால் கிளாஸுக்கு அடி இருக்கிறது, திரைக்கு அடி இல்லை. இது தற்செயல் அல்ல. பக்கம் முடிந்து அடுத்த பக்கத்துக்குப் போகும் பொத்தானை அழுத்த வேண்டியிருந்த காலத்தில் நிறுத்துவதற்கு ஓர் இடம் இருந்தது; 2006-இல் ஆசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர் முடிவில்லாமல் உருளும் பக்கத்தை உருவாக்கினார்; பின்னாளில் அதற்காக அவரே வெளிப்படையாக வருந்தினார். இதனோடு எப்போது நல்லது வரும் என்று தெரியாத நிலையும் சேர்ந்துகொள்கிறது. ஒவ்வொரு முறையும் தீனி கிடைக்கும் புறாவைவிட, எப்போது கிடைக்கும் என்று தெரியாத புறாதான் விடாமல் கொத்திக்கொண்டே இருக்கிறது என்பதை உளவியலாளர் ஸ்கின்னர் பல பத்தாண்டுகளுக்கு முன்பே காட்டினார். பத்து வீடியோவில் எது சிரிக்க வைக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. அதனால்தான் பதினொன்றாவதையும் பார்க்கிறீர்கள். உங்கள் மனவுறுதி குறைவு என்று உங்களையே நொந்துகொள்வதற்கு முன், எதிர்ப்பக்கத்தில் உங்களை நிறுத்தி வைப்பதையே தொழிலாகக் கொண்ட பொறியாளர்கள் இருக்கிறார்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

ஆனாலும் கைப்பேசியை மருத்துவ உலகம் இன்னும் போதைப் பொருளாகக் கருதவில்லை. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் வீடியோ கேம் போன்றவற்றை விட முடியாத விளையாட்டுக் கோளாறு இருக்கிறது. கைப்பேசி அடிமைத்தனம் என்று ஒன்று இல்லை. அதில் நியாயமும் இருக்கிறது. குடிப்பதை நிறுத்தியவரிடம் ஊர் எதையும் கேட்பதில்லை. கைப்பேசியை நிறுத்தியவரிடம் எரிவாயு உருளை கொண்டுவருபவர் ஓடிபி கேட்கிறார், வங்கி கேட்கிறது, பள்ளிக்கூடம் பிள்ளையின் விடுமுறையை வாட்ஸ்அப்பில் அறிவிக்கிறது, மேற்பார்வையாளர் மறுநாள் ஷிப்டைக் குழுவில் போடுகிறார்.

இந்த மாற்றம் எவ்வளவு விரைவில் வந்தது என்பதை நம் கடற்கரை மாவட்டத்துக்காரர்கள் இரண்டு புயல்களை வைத்தே அளந்துவிடலாம். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தானே புயல் கரையைக் கடந்தபோது, பண்ருட்டிப் பக்கத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன; மின்கம்பங்கள் வரிசை வரிசையாக விழுந்து, பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. மோட்டார் ஓடாததால் தண்ணீர் இல்லை என்பதே அன்றைய முதல் துன்பம். கைப்பேசி அணைந்துபோனதால் சொந்தக்காரர்களிடம் பேச முடியவில்லை, அவ்வளவுதான். சட்டைப் பையில் நோட்டு இருந்தது, கடையில் வாங்க முடிந்தது. யுபிஐ வந்தது 2016-இல். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்து, அடுத்த நாட்களில் தென்பெண்ணை பெருகிக் கடலூர்ப் பக்கத்துக் குடியிருப்புகளில் நீர் புகுந்தபோது, மின்சாரமும் டவரும் இல்லாத இடத்தில் அணைந்த கைப்பேசி என்பது அணைந்த பணப்பையாகவும் ஆகிவிட்டது. அந்தப் பதின்மூன்று ஆண்டுகளில் மாறியது தனி மனிதர்களின் ஒழுக்கம் அல்ல, ஊரின் ஏற்பாடு. கைப்பேசிச் சார்பின் இந்தப் பகுதியை நீங்கள் ஒருவராகக் குறைக்க முடியாது. எதிர்கொள்ளத் தயாராக மட்டும் இருக்கலாம். ஐப்பசி பிறக்கும்போதே வீட்டில் கொஞ்சம் ரொக்கமும், முக்கியமான எண்களைக் கையால் எழுதிய தாளும், சார்ஜ் ஏற்றிய பவர் பேங்கும் இருக்கட்டும்.

நீங்கள் குறைக்கக் கூடியது, இரவு பத்து மணிக்கு மேல் எந்தத் தேவையும் இல்லாமல் உருளும் அந்தத் திரையை. காபியும் கைப்பேசியும் சேர்ந்து கட்டும் வட்டமும் இங்கேதான் இருக்கிறது. மாலைக் காபி தூக்கத்தைத் தள்ளி வைக்கிறது. தூக்கம் வராத நேரத்தைத் திரை எடுத்துக்கொள்கிறது. திரை தின்ற மணி நேரத்துக்கு மறுநாள் காலையில் இன்னொரு காபி ஈடுகட்டுகிறது. அதற்கும் போதாமல் மாலையில் மறுபடி ஒன்று. நீல ஒளியே எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்லிக் கண்ணாடி விற்கிறார்கள். படுக்கும் முன் ஒளிரும் திரையில் படித்தவர்களை அச்சுப் புத்தகம் படித்தவர்களோடு ஒப்பிட்ட, 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், தூக்கம் வருவது ஏறத்தாழ பத்து நிமிடம்தான் தாமதமானது. ஒளி திருடுவது நிமிடங்களை. பார்ப்பதை நிறுத்தாமல் இருப்பது திருடுவது மணி நேரங்களை. அந்தக் கண்ணாடிக்குச் செலவழிக்கும் பணத்தில் ஓர் அலாரம் கடிகாரம் வாங்குங்கள். கைப்பேசியைக் கூடத்தில் சார்ஜ் போட்டுவிட்டுப் படுக்கையறைக்கு வெறுங்கையோடு போகலாம். நான் தெரிந்துகொண்ட வரையில், மற்ற எல்லா உத்திகளையும்விட இந்த ஒன்றே நிலைக்கிறது, ஏனென்றால் இதற்கு மனவுறுதி ஒருமுறைதான் வேண்டும், நிமிடத்துக்கு நிமிடம் வேண்டியதில்லை. இரவில் அவசர அழைப்பு வரும் என்ற கவலை இருந்தால், ஒலியை முழுவதும் திறந்து வையுங்கள். அழைப்பு மட்டும் கேட்கும்படி மற்ற அறிவிப்புகளை அணைத்துவிடலாம்.

காபியை இந்த வரிசையில் குறைக்கச் சொல்வேன். முதல் வாரம் எழும் நேரத்தை மட்டும் நிலைப்படுத்துங்கள், விடுமுறை நாளிலும் அதே நேரம். காலைக் காபியையும் அதே நேரத்தில் குடியுங்கள், தலைவலி அதிலேயே பெரும்பாலும் நின்றுவிடும். அதன்பின் நாளின் கடைசிக் குவளையை எடுத்துவிடுங்கள். மதியம் இரண்டு மணிக்கு மேல் காஃபீன் இல்லை என்ற நிலைக்கு இரண்டு மூன்று வாரங்களில் வந்துவிடலாம். மாலை நான்கு மணிக்குக் கையில் சூடாக ஏதாவது வேண்டும் என்பதும் பழக்கத்தின் ஒரு பகுதி, அதை மதியுங்கள். சுக்கு காபியில் பெரும்பாலும் காபித்தூள் சேர்ப்பதில்லை. சொந்தக்காரர் வீட்டில் காபி வேண்டாம் என்றால் மனம் கோணுவார்கள் என்பது உண்மை. "அரை டம்ளர், லைட்டா" என்று கேட்டு வாங்கிக் குடியுங்கள், அதனால் எதுவும் கெட்டுவிடாது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் காபி, டீ வேண்டாம். அவற்றில் உள்ள டானின் உணவிலுள்ள இரும்புச் சத்தை உடம்பு ஏற்கவிடாமல் தடுக்கிறது. 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருப்பதாக ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் பழக்கத்தை வீட்டுப் பெண்களும் கைவிட வேண்டும்.

இரவு ஷிப்டு வாரத்தில் இவை எதையும் தொடங்காதீர்கள். வேதிப்பொருள் கையாளும் தொழிற்சாலையில் விடிகாலை மூன்று மணிக்குத் தலை கிறுகிறுக்க நிற்பதும், காலையில் அரைத்தூக்கத்தில் பைக் ஓட்டிச் சிதம்பரம் சாலையில் வீட்டுக்குப் போவதும் காஃபீனைவிடப் பன்மடங்கு ஆபத்தானவை. நெய்வேலிச் சுரங்கத்திலும் மற்ற ஆலைகளிலும் ஷிப்டு பார்ப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். அந்த வாரத்தில் ஷிப்டின் முதல் பாதியிலேயே காபியைக் குடித்து முடித்துவிடுங்கள். இடைவேளையில் 20 நிமிடம் கண்ணயர அனுமதி இருந்தால் பயன்படுத்திக்கொள்ளுங்கள். பகலில் தூங்கும் அறையில் வெளிச்சம் புகாதபடி கெட்டித் திரை போடுங்கள். குளிரூட்டிய பெட்டியில் வைத்து விற்கும் எனர்ஜி டிரிங்க் வேண்டாம். லிட்டருக்கு 300 மில்லிகிராம் வரை காஃபீன் இருக்கலாம் என்று விதி அனுமதிக்கிறது. அதோடு சர்க்கரையும் சேர்கிறது. பிள்ளைகள் கையில் அது படவே கூடாது.

நான்கைந்து வாரம் இப்படிச் செய்தும் பகல் தூக்கம் குறையாவிட்டால், காரணம் காபியோ திரையோ அல்லாமல் வேறாக இருக்கலாம். பெரிய குறட்டையும் இடையில் மூச்சுத் திணறலும் இருப்பதாக வீட்டில் சொன்னால் தூக்க மூச்சுத்தடையைச் சோதிக்க வேண்டும். மனச்சோர்வும் இரவில் தூக்கத்தைக் கெடுத்துக் கையில் கைப்பேசியைக் கொடுக்கும். பணம் வைத்து ஆடும் விளையாட்டு, வேலைக்குப் போகாமல் இருப்பது, மறைத்துக் கடன் வாங்குவது என்று போயிருந்தால் அது பழக்கம் அல்ல, சிகிச்சை தேவைப்படும் நிலை. பெங்களூரு நிம்ஹான்ஸ் 2014-லேயே தொழில்நுட்பப் பயன்பாட்டுக்கென்று தனி மருத்துவப் பிரிவைத் தொடங்கிவிட்டது. நமக்கு அருகில் ஜிப்மரில் மனநலத் துறை இருக்கிறது; 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல ஆலோசனைத் தொலைபேசிச் சேவை) எண்ணில் கட்டணமில்லாமல் தமிழிலேயே பேசலாம். மருத்துவரைப் பார்க்கப் போவதாக இருந்தால், இரண்டு வாரத்துக்கு எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எழுந்தீர்கள், எந்த நேரத்தில் எத்தனை குவளை குடித்தீர்கள், எந்த ஷிப்டு என்பதை ஒரு தாளில் நாள்வாரியாக எழுதிக்கொண்டு போங்கள். அந்தத் தாள் கையில் இருந்தால் அவர் உங்களிடம் கேட்க வேண்டிய கேள்விகளில் பாதி குறைந்துவிடும்.